வட்டுக் கேலக்ஸியைப் படிக்க: முதலில் வெற்று வானத்தை அளந்துகொள்ளுங்கள்

முதன்முதலாக ஒரு கேலக்ஸியின் விளிம்பை நான் "கண்டுபிடித்தபோது" மூன்று மாதம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மையத்திலிருந்து வெளியே போகப் போக ஒளி சீராகக் குறைந்துகொண்டே வந்தது. ஒரு குறிப்பிட்ட தூரத்தில் கோடு சட்டென்று மடங்கிக் கீழே விழுந்தது. வட்டு அங்கே முடிகிறது, அதற்கப்பால் நட்சத்திரங்கள் பிறக்கவே இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்தேன். என் வழிகாட்டி வரைபடத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "வானத்தை எப்படிக் கழிச்சே?"

64 பிக்செல் கட்டங்களாகப் பிரித்துப் பின்னணியை அளக்கும்படி மென்பொருளிடம் சொல்லியிருந்தேன். கேலக்ஸியோ குறுக்கே 750 பிக்செல். அதன் ஓரத்தில் இருந்த மெல்லிய ஒளியையே வானம் என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் விசுவாசமாகக் கழித்துத் தள்ளியிருக்கிறது. அந்த விளிம்பு நான் தோண்டிய பள்ளம். அந்த மூன்று மாதம் உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொலைநோக்கி வேண்டாம். ஒரு சாதாரணக் கணினி, கொஞ்சம் பைத்தான், கல்லூரி அளவு இயற்பியல் போதும். தரவுகள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன.

எந்தக் கேலக்ஸியை எடுப்பது

வட்டுக் கேலக்ஸி என்பது பெரிய அளவில் ஒரு தோசைக்கல் மாதிரி: அகலம் அதிகம், தடிமன் குறைவு. நடுவில் புடைப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பல கேலக்ஸிகளில் மையத்தின் குறுக்கே நட்சத்திரங்களால் ஆன பட்டை ஒன்று கிடக்கும். மெல்லிய வட்டு, அதைச் சூழ்ந்த தடித்த வட்டு, சுருள் கைகள், வாயு, தூசு, எல்லாவற்றையும் உள்ளடக்கிய கரும்பொருள் ஹாலோ, அதாவது ஒளிராத பொருளால் ஆன பெரிய சூழல். இத்தனையையும் ஒரே கேலக்ஸியில் பார்த்துவிட முடியாது. காரணம் சாய்வு: முகத்தை நேராகக் காட்டினால் 0 பாகை, விளிம்பைக் காட்டினால் 90. கேலக்ஸியைத் திருப்பிப் பார்க்க நம்மால் ஆகாது. அது எந்தப் பக்கம் காட்டுகிறதோ அதைத்தான் படிக்க முடியும்.

ஆகவே கேள்வியை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்கேற்ற சாய்வில் ஆளைத் தேடுங்கள். சுருள் கைகளும் பட்டையும் வேண்டுமென்றால் என்ஜிசி 628 (என்ஜிசி என்பது வான்பொருள் அட்டவணை ஒன்றின் பெயர்) போல ஏறத்தாழ நேர்முகமாக நிற்பது நல்லது. வட்டின் தடிமன் வேண்டுமென்றால் என்ஜிசி 891 போல விளிம்பைக் காட்டுவதுதான் சரி. சுழற்சியை அளக்க வேண்டுமென்றால் இரண்டும் கெட்டான் நிலைதான் நல்லது, 40 முதல் 75 பாகை வரை. என்ஜிசி 3198 அப்படிப்பட்டது. பாடம் படிப்பதற்கென்றே செய்துவைத்த மாதிரி அமைதியான கேலக்ஸி. முதல் கேலக்ஸியாக எம்51-ஐ எடுக்காதீர்கள். அழகுதான். ஆனால் பக்கத்தில் ஒரு துணைக் கேலக்ஸி அதை இழுத்துக்கொண்டிருக்கிறது. எது வட்டின் சொந்த இயல்பு, எது இழுபறியின் விளைவு என்று பிரிப்பதற்குள் ஆர்வம் வற்றிவிடும்.

படத்தை ஃபிட்ஸ் கோப்பாக, அதாவது வானியலாளர்கள் அளவீட்டுக்குப் பயன்படுத்தும் கோப்பு வடிவில், இறக்குங்கள். இணையத்தில் காணும் வண்ணப் படங்கள் கண்ணுக்கு இதமாகத் திருத்தப்பட்டவை. அவற்றின் பிக்செல் எண்களுக்கு அளவீட்டு மதிப்பு கிடையாது. ஸ்லோன் டிஜிட்டல் வான் ஆய்வின் படங்களில் ஒரு பிக்செல் 0.396 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்), டெசி லெகசி ஆய்வில் 0.262. இரண்டாவது இன்னும் ஆழமானது. குறைந்தது இரண்டு நிறவடிகட்டிகளில் எடுங்கள், ஜியும் (பச்சை) ஆரும் (சிவப்பு) போதும். ஸ்பிட்சர் விண்தொலைநோக்கியின் எஸ்4ஜி தொகுப்பில் உங்கள் கேலக்ஸி இருந்தால் 3.6 மைக்ரான் படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அலைநீளத்தில் தூசு அநேகமாக ஒளியை மறைப்பதில்லை, முதிய நட்சத்திரங்களே அதிகம் தெரியும். நீல ஒளியில் "பட்டை இல்லை" என்று தோன்றிய பல கேலக்ஸிகளில் அகச்சிவப்பில் பட்டை எட்டிப் பார்க்கும்.

முதல் நாள் எதையும் அளக்காதீர்கள். டிஎஸ்9 என்ற படம் பார்க்கும் மென்பொருளில் படத்தைத் திறந்து, மடக்கை அளவுகோலுக்கு மாற்றி, கருப்பு வெள்ளையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். மங்கலான ஓரங்கள் வெள்ளைப் பின்னணியில் கருமையாகத் தெரியும்போது கண்ணுக்கு நன்றாகப் பிடிபடும். அப்புறம் ஒரு தாளில் பென்சிலால் வரையுங்கள். நான் இதைச் சொல்லும்போது சிரிக்காதவர்கள் இல்லை. ஆனால் கை வரையும்போதுதான் கண் கேள்வி கேட்கும்: இந்தக் கை பட்டையின் முனையிலிருந்து தொடங்குகிறதா, வளையத்திலிருந்தா? ஒரு பக்கம் மட்டும் ஏன் தூசு அதிகம்? வட்டு ஏன் இந்தப் பக்கம் நீண்டிருக்கிறது? பிறகு மென்பொருள் ஓர் எண்ணைத் துப்பும்போது அதை நம்பலாமா கூடாதா என்று சொல்ல இந்தத் தாள்தான் சாட்சி.

வானம்

மெதுவாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான்.

எவ்வளவு இருட்டான இடத்திலும் இரவு வானம் கருப்பல்ல. நீல ஒளியில் ஒரு சதுர ஆர்க்செகண்டுக்குச் சுமார் 22.5 மேக்னிட்யூட் அளவுக்கு அது ஒளிர்கிறது. மேக்னிட்யூட் வானியலின் ஒளிர்வு அளவை: எண் கூடக் கூட ஒளி குறையும். 1970-இல் கென் ஃப்ரீமன் பல சுருள் கேலக்ஸிகளின் வட்டுகளை எடுத்துப் பார்த்தார். பெரும்பாலானவற்றின் மைய ஒளிர்வு 21.65 என்ற மதிப்பைச் சுற்றியே குவிந்திருந்தது. அதாவது ஒரு சாதாரண வட்டின் மையமே வானத்தைவிட இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஒளிர்கிறது. மங்கலான வட்டுகளை அன்றைய ஆய்வுகள் தவறவிட்டதும் இந்தக் குவிதலுக்கு ஒரு காரணம் என்பது பிறகு தெரிந்தது. அது தனிக் கதை.

வட்டின் ஒளி வெளியே போகப் போக அடுக்குக்குறி விதிப்படி தேய்கிறது. எந்தத் தூரத்தில் ஒளிர்வு 2.718-இல் ஒரு பங்காகிறதோ அதை ஸ்கேல் லெங்த் என்பார்கள். நான் தேய்வு நீளம் என்கிறேன். ஒவ்வொரு தேய்வு நீளத்துக்கும் ஒளிர்வு 1.086 மேக்னிட்யூட் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு தேய்வு நீளம் தள்ளிப் போனால் 26 மேக்னிட்யூட், அதாவது வானத்தின் ஒளியில் வெறும் 4 சதவீதம். ஆறு தேய்வு நீளம் தள்ளினால் 28.2, வானத்தில் அரை சதவீதம். வானத்தை நீங்கள் அரை சதவீதம் கூடுதலாகக் கழித்துவிட்டால் அந்த இடத்தில் கேலக்ஸியே காணாமல் போகும். குறைவாகக் கழித்தால் இல்லாத ஒரு பரந்த ஹாலோ முளைக்கும். இரண்டுமே கட்டுரையாக எழுதத் தூண்டும் அளவுக்கு அழகாக இருக்கும், அதுதான் ஆபத்து.

நான் இப்போது செய்வது இப்படி. முதலில் படத்தில் உள்ள நம் பால்வெளி நட்சத்திரங்களையும் தொலைதூரக் கேலக்ஸிகளையும் மறைத்துவிடுவேன். பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி, கண்ணுக்குப் போதும் என்று தோன்றும் அளவைவிட இரண்டு மடங்கு பெரிதாக மறைப்பேன். அவற்றின் ஒளி வெகுதூரம் கசியும். அப்புறம் கேலக்ஸியின் ஒளி எட்டாத தூரத்தில், நாலாபக்கமும், முப்பது நாற்பது பெட்டிகள் போட்டு, ஒவ்வொன்றிலும் இடைநிலை மதிப்பை எடுப்பேன். அந்த மதிப்புகளின் சராசரிதான் வானம். பெட்டிக்குப் பெட்டி அவை எவ்வளவு சிதறுகின்றனவோ அதுதான் உண்மையான பிழை. ஒரு பெட்டிக்குள் உள்ள பிக்செல் இரைச்சலை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து "என் பிழை மிகச் சிறியது" என்று சொல்லிக்கொள்வது ஏமாற்று வேலை. நானும் சொல்லியிருக்கிறேன். படத்தின் ஒரு மூலை மற்றதைவிட வெளுத்திருந்தால் அந்த வகுத்தல் அதைக் காட்டிக்கொடுக்காது.

பிறகு வானத்தை அந்தப் பிழை அளவுக்குக் கூட்டி ஒரு முறை, குறைத்து ஒரு முறை, ஒளிர்வுக் கோட்டை மீண்டும் வரைய வேண்டும். இரண்டு கோடுகளும் ஒட்டிப் போகும் வரை நம்பலாம். 0.2 மேக்னிட்யூட்டுக்கு மேல் பிரிந்துவிட்டால் அங்கே பென்சிலால் ஒரு செங்குத்துக் கோடு போடுகிறேன். அதற்கப்பால் என்ன தெரிந்தாலும் நான் பேசுவதில்லை.

கோட்டை வரைதல், பிரித்தல்

ஃபோட்யூட்டில்ஸ் என்ற பைத்தான் தொகுப்பில் உள்ள நீள்வட்டப் பொருத்தம் இந்த வேலைக்குப் போதும். சம ஒளிர்வுள்ள புள்ளிகளை இணைத்து நீள்வட்டங்களாக வெளியே நகர்ந்து போகும். முதல் சுற்றில் எல்லாவற்றையும் அதன் போக்கில் விடுங்கள். பட்டை இருந்தால் நீள்வட்டம் அதன் நீளம் வரை மெல்ல ஒடுங்கி, பட்டை முடிந்ததும் சட்டென்று உருண்டு திரும்பும், திசையும் மாறும். பட்டையின் நீளத்தை அளக்க அதுதான் எளிய வழி. இரண்டாவது சுற்றில் மையத்தையும், வெளி வட்டின் நீள்தன்மையையும் திசையையும் நிலையாக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இறுதி ஒளிர்வுக் கோடு இதிலிருந்துதான் வர வேண்டும்.

கிடை அச்சில் தூரத்தை நேரளவில் வையுங்கள், நிலை அச்சில் மேக்னிட்யூட், மங்கலானது கீழே வரும்படி. அடுக்குக்குறி விதி இந்தத் தாளில் நேர்கோடாகத் தெரியும். ஒரே நேர்கோடாக ஓடினால் முதல் வகை. வழியில் மடங்கிக் கீழே சரிந்தால் இரண்டாம் வகை. மடங்கி மேலே தூக்கிக்கொண்டால் மூன்றாம் வகை. பாடநூல் சொல்லும் ஒற்றை நேர்கோடு உண்மையில் சிறுபான்மை. போலனும் ட்ருஹியோவும் 2006-இல் பார்த்த கேலக்ஸிகளில் பத்தில் ஒன்றுதான் முதல் வகை. சுமார் 60 சதவீதம் கீழே மடங்கியவை. ஆகவே என் பொய் விளிம்பு நம்பும்படி இருந்ததில் வியப்பில்லை, உண்மையான மடிப்புகளும் ஏராளமாக இருக்கின்றன.

புடைப்பையும் வட்டையும் பிரிக்க கால்ஃபிட் அல்லது இம்ஃபிட் மென்பொருள் போதும். அவை பயன்படுத்தும் செர்சிக் சூத்திரம் ஒளி தேயும் விதத்தை ஒரு குறியெண்ணால் சொல்கிறது: குறியெண் 1 என்றால் வட்டின் அடுக்குக்குறி, 4 என்றால் டி வோகுலர் 1948-இல் நீள்வட்டக் கேலக்ஸிகளுக்குச் சொன்ன விதி. மென்பொருள் எப்போதும் ஏதாவது ஒரு விடை தரும், அதுதான் அதன் குறை. பட்டை இருக்கும் கேலக்ஸியில் பட்டைக்குத் தனி உறுப்பு தராவிட்டால் புடைப்பு அதை விழுங்கிப் பருத்துவிடும். தொடக்க மதிப்புகளை மாற்றி ஐந்து முறை ஓட்டுங்கள். ஐந்து முறையும் ஒரே இடத்துக்கு வரவில்லையென்றால் உங்கள் படம் அந்தக் கேள்விக்குப் போதாது. அவ்வளவுதான்.

சுழற்சியும் எடையும்

ஒளி எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. நிறை எங்கே இருக்கிறது என்பதற்குச் சுழற்சி வேண்டும். ஹைட்ரஜன் வாயு 21 செமீ அலைநீளத்தில் உமிழும் ரேடியோ அலையை வான் டி ஹல்ஸ்ட் 1944-இல் முன்கூட்டிச் சொன்னார், 1951-இல் அது கண்டறியப்பட்டது. நட்சத்திரங்கள் தீர்ந்துபோன பிறகும் இந்த வாயு வெகுதூரம் பரவியிருப்பதால் வெளிவட்டாரத்தை எடைபோட அதைவிட நல்ல தராசு இல்லை. 34 கேலக்ஸிகளைப் படமெடுத்த திங்ஸ் ஆய்வின் தரவு பொதுவில் உள்ளது. என்ஜிசி 3198-உம் அதில் உண்டு.

அளப்பது நம்மை நோக்கி வரும் அல்லது விலகும் வேகத்தை மட்டும்தான். உண்மையான சுழற்சி வேகம் வேண்டுமென்றால் சாய்வின் சைனால் வகுக்க வேண்டும். சாய்வை எங்கிருந்து எடுப்பது? நீள்வட்டத்தின் அச்சு விகிதத்திலிருந்து. வட்டு முழுத் தட்டையல்ல என்பதால் அதன் உள்ளார்ந்த தடிமனுக்கு 0.2 என்று வைத்துக்கொள்வது வழக்கம். விகிதம் 0.90 என்றால் சாய்வு சுமார் 26 பாகை. 0.95 என்றால் 19 பாகை. படத்தில் இந்த இரண்டையும் கண்ணால் பிரிக்கவே முடியாது, ஆனால் சுழற்சி வேகம் 40 சதவீதம் மாறிவிடும். நிறை வேகத்தின் வர்க்கத்தில் போவதால் அது இரட்டிப்பாகும். நேர்முகக் கேலக்ஸியை எடைபோடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

என்ஜிசி 3198-இன் வெளிப்பகுதி விநாடிக்குச் சுமார் 150 கிமீ வேகத்தில் சுற்றுகிறது. 1985-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில் அந்தச் சமவேகம் 11 தேய்வு நீளம் வரை தொடர்ந்தது. ஒளியெல்லாம் நான்கைந்து தேய்வு நீளத்துக்குள் அடங்கிவிட்டது என்பதை நினைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பாருங்கள். நிறையும் அங்கேயே முடிந்திருந்தால் அதற்கப்பால் வேகம் தூரத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. ஒளிராத நிறை, அதாவது கரும்பொருள், வெளியே பரவிக் கிடக்கிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970-இல் ஆண்ட்ரோமெடாவின் சுழற்சியை அளந்து வெளியிட்டார்கள். அடுத்த பத்தாண்டுகளில் பலரும் கேலக்ஸி கேலக்ஸியாக இதையே கண்டார்கள். என்ஜிசி 3198-இன் மொத்த நிறையை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் போதும். 30 கிலோபார்செக்குக்குள் (ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு) ஏறத்தாழ 16,000 கோடி சூரிய நிறை வரும். முதல் தடவை அந்த எண் என் கையெழுத்தில் தாளில் வந்தபோது எழுந்து நடக்கப் போய்விட்டேன்.

ஒரு எச்சரிக்கை. கிலோபார்செக் என்ற அலகு தொலைவை நம்பியிருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தக் கேலக்ஸிக்குச் சுமார் 9 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் ஆயிரம் கிலோபார்செக்) என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு தொலைவை அளக்க உதவும், துடிக்கும் செஃபீட் நட்சத்திரங்களைக் கொண்டு அளந்தபோது 13.8 என்றானது. தூரமும் நிறையும் அதே விகிதத்தில் ஏறிவிட்டன. "11 தேய்வு நீளம்" மட்டும் அசையவில்லை, ஏனென்றால் அது இரண்டு கோணங்களின் விகிதம். முடிந்த இடத்திலெல்லாம் விகிதங்களாக எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு இதிலிருந்து வந்தது.

காலத்தை எப்படிப் பார்ப்பது

சூரியன் பால்வெளியை ஒருமுறை சுற்ற இருபது கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. எந்தக் கேலக்ஸியும் நம் ஆயுளில் நமக்காக அசைந்து காட்டாது. ஆனால் அது ஒரு துப்பும் தருகிறது. சுருள் கைகள் நிலையான பொருளால் ஆனவை என்றால், உள்ளே இருப்பவை சீக்கிரம் சுற்றி வந்துவிடுவதால், ஆயிரம் கோடி ஆண்டுகளில் கைகள் பம்பரக் கயிறு போல இறுகச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படி இல்லை. கைகள் அலைகள், நட்சத்திரங்கள் அவற்றுக்குள் நுழைந்து வெளியேறுகின்றன என்ற விளக்கத்தை லின்னும் ஷூவும் 1964-இல் முன்வைத்தார்கள். அந்த அலைகள் நீடிப்பவையா, தோன்றித் தோன்றி மறைபவையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. கணினி உருவகங்களைப் பார்த்த அளவில் நான் இரண்டாவது கட்சி.

ஒரே கேலக்ஸியில் வரலாற்றைப் பார்க்க நிறம் உதவும். ஜி ஒளிர்விலிருந்து ஆர் ஒளிர்வைக் கழித்து, தூரத்துக்கு எதிராக வரையுங்கள். பொதுவாக உள்ளே சிவப்பு, வெளியே நீலம். வட்டு உள்ளிருந்து வெளியே வளர்ந்தது என்பதற்கு இது ஒரு சான்று. ஆனால் இரண்டாம் வகைக் கேலக்ஸிகள் பலவற்றில் மடிப்பு வரை நீலமாகிக்கொண்டே போய், அதைத் தாண்டியதும் நிறம் திரும்பச் சிவக்கிறது. மடிப்புக்கு வெளியே இருப்பவை அங்கே பிறந்தவை அல்ல, உள்ளிருந்து மெல்ல இடம்பெயர்ந்த முதிய நட்சத்திரங்கள் என்பது ஒரு விளக்கம். சுருள் கைகள் நட்சத்திரங்களை வட்டப் பாதை கெடாமலே வெளியே தள்ள முடியும் என்று செல்வுட்டும் பின்னியும் 2002-இல் காட்டியிருந்தார்கள். உங்கள் மடிப்பு உண்மையானதா என்று சோதிக்கவும் நிறக்கோடு ஒரு துணை. இரண்டு நிறவடிகட்டிகளிலும் வானத்தைத் தனித்தனியாக அளந்த பிறகும் மடிப்பு ஒரே தூரத்தில் நின்றால் நம்பிக்கை வரும். நிறம் தூசாலும் உலோகச் செழுமையாலும்கூட (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் அதிகம் இருப்பதாலும்) சிவக்கும் என்பதை மறக்கவேண்டாம்.

நாமே உள்ளே உட்கார்ந்திருக்கும் வட்டில் வேறு வழி உண்டு, நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக விசாரிக்கலாம். தடித்த வட்டு பால்வெளியில் இருப்பதை கில்மோரும் ரீடும் 1983-இல் நட்சத்திர எண்ணிக்கையிலிருந்து காட்டினார்கள். நட்சத்திரங்களின் இடத்தையும் வேகத்தையும் அளந்த கையா விண்கலத்தின் 2018 தரவில், ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வெளி விழுங்கிய ஒரு கேலக்ஸியின் மிச்சம் கிடைத்தது. அதே ஆண்டு, சூரியனுக்கு அருகே உள்ள நட்சத்திரங்களின் உயரத்தையும் செங்குத்து வேகத்தையும் வரைந்தபோது நத்தை ஓடு போன்ற சுருள் தெரிந்தது. ஏதோ ஒன்று வட்டைத் தட்டிவிட்டிருக்கிறது, அந்த அதிர்வு இன்னும் அடங்கவில்லை. கையா தரவை இறக்கி இந்தச் சுருளை நீங்களே வரையலாம். ஒரு மாலை நேர வேலை.

மூன்றாவது வழி தொலைவைப் பார்ப்பது. 2020-இல் சிலியில் உள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கித் தொகுதி கண்ட ஒரு வட்டு, பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயதே ஆனபோது விநாடிக்குச் சுமார் 270 கிமீ வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. ஜேம்ஸ் வெப் வந்த பிறகு இப்படிப்பட்ட ஆரம்பகால வட்டுகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தென்படுகின்றன. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிரபஞ்சம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நீள்வதே செந்நகர்வு, தொலைவு கூடினால் அதுவும் கூடும். செந்நகர்வு 1-இல் பரப்பு ஒளிர்வு 16 மடங்கு மங்கும், 2-இல் 81 மடங்கு. ஓரங்கள் முதலில் தொலையும், கேலக்ஸி சிறியதாகத் தெரியும். அதோடு நாம் பார்க்கும் சிவப்பு ஒளி அங்கே நீலமாகவோ புறஊதாவாகவோ கிளம்பியது. ஆகவே தொலைவில் உள்ளதை அருகில் உள்ளதோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள். என்ஜிசி 3198-இன் நீலப் படத்தை எடுத்து, சுருக்கி, மங்கவைத்து, இரைச்சல் சேர்த்து, அது தொலைவில் இருந்தால் எப்படித் தெரியும் என்று செயற்கையாக உருவாக்கி, அதோடு ஒப்பிடுங்கள். நான் செய்து பார்த்தபோது கைகள் போயின, வெளி வட்டு போனது. மிஞ்சியது நடுவில் ஒரு மங்கிய பொட்டும் பக்கத்தில் இரண்டு நீலத் திட்டுகளும்.

என் பழைய கேலக்ஸிக்குத் திரும்பி வருகிறேன். கட்டங்களை எல்லாம் எடுத்துவிட்டு, 38 பெட்டிகள் போட்டு வானத்தை மறுபடி அளந்தேன். விளிம்பு இருந்த இடத்தில் கோடு எதுவும் நடக்காதது போல நேராகத் தாண்டிப் போனது. 27 மேக்னிட்யூட்டை ஒட்டி, வானத்தைக் கூட்டியும் குறைத்தும் வரைந்த இரண்டு கோடுகளும் பிரிந்தன. அங்கே பென்சில் கோட்டைப் போட்டேன்.